முகாமுக்கும் பக்கத்து ஊருக்கும் சேர்த்துத் தொழிற்பயிற்சி: பணம் போட நினைப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டொராண்டோவில் இருக்கும் தமிழ்ச் சங்கமோ, கல்லூரிப் பழைய மாணவர் குழுவோ, ஓசூர் பக்கம் இருக்கும் நடுத்தரக் கம்பெனியோ, யாராக இருந்தாலும் சரி, தமிழ்நாட்டில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம்களுக்கு ஏதாவது செய்யலாம் என்று தோன்றியதும் முதலில் வரும் யோசனை தையல் மிஷின்தான். இருபது மிஷின், ஒரு டீச்சர், மூன்று மாதம், கடைசியில் மேடை போட்டு சர்டிபிகேட். பணம் கொடுத்தவருக்குத் திருப்தி, போட்டோவும் நன்றாக வரும். ஆறு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் முகாமில் ஜாக்கெட் தைக்க ஆள் இருபது, தைக்கக் கொடுக்க ஆள் இல்லை.

இப்படி ஆகாமல் பணத்தை எங்கே, எப்படிப் போடுவது என்று என் அனுபவத்தில் தெரிந்ததை எழுதுகிறேன். என் கட்சி ஒன்றே ஒன்றுதான்: பயிற்சிக் கட்டணம் இதில் சின்னச் செலவு. பயிற்சிக்கு வருகிறவர் அந்த நாட்களில் இழக்கும் கூலிதான் பெரிய செலவு, அதை யாரும் பட்ஜெட்டில் எழுதுவதில்லை.

முதலில் யாருக்கு என்று தெரிந்துகொள்ளுங்கள்

1983-க்குப் பிறகு அலை அலையாக வந்தவர்களும் இங்கேயே பிறந்த அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நூறுக்கும் மேற்பட்ட முகாம்களில் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி முகாம்களுக்குள் 58 ஆயிரத்துச் சொச்சம் பேர், போலீஸ் பதிவோடு வெளியே வசிப்பவர்கள் இன்னொரு 34 ஆயிரம் பேர். அப்போதுதான் ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றினார்கள், 317.40 கோடி ரூபாய்க்கு ஒரு தொகுப்பும் அறிவித்தார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டுவது அதில் பெரிய பங்கு. 5,000 பேருக்குத் திறன் பயிற்சி கொடுக்க 10 கோடி என்பதும் அதில் இருந்தது, தலைக்கு 20 ஆயிரம். டீச்சர், இடம், பொருள், பரீட்சைக் கட்டணம் எல்லாம் இதில் அடங்கிவிடும். கூலிக்குப் போகாமல் வகுப்பில் உட்காரும் நாட்களுக்கு இதில் ஒன்றும் மிஞ்சாது. தனியார் பணம் வந்து நிரப்ப வேண்டிய ஓட்டை அங்கேதான் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டி, பவானிசாகர், திருச்சி கொட்டப்பட்டு, மண்டபம், வேலூர் மேல்மொணவூர், திண்டுக்கல் தோட்டனூத்து என்று முகாம்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். கும்மிடிப்பூண்டியைச் சுற்றித் தொழிற்சாலைகள், பவானிசாகரைச் சுற்றித் தோட்டமும் காடும். ஒரே திட்டத்தை நகலெடுத்து ஐந்து முகாமில் நடத்துகிறேன் என்று யாராவது புரொபோசல் கொண்டுவந்தால் அதை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மண்டபத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2022 பொருளாதார நெருக்கடியில் படகேறி வந்தவர்கள் அங்கே தங்க வைக்கப்பட்டார்கள், அவர்கள் நிலையும் பழைய பதிவுக்காரர்கள் நிலையும் ஒன்றல்ல.

எந்தத் தொழில்?

முகாம் ஆண்களிடம் என்ன வேலை என்று கேளுங்கள், பத்தில் பல பேர் பெயிண்டிங் என்பார்கள். பி.இ. முடித்தவரும் அதில் இருப்பார். ஏன் என்றால் பெயிண்டிங் மேஸ்திரி பாஸ்போர்ட் கேட்பதில்லை, ரேஷன் கார்டு கேட்பதில்லை, காலையில் பட்டித் தகடும் பிரஷும் பிடிக்கத் தெரிந்தால் போதும், சாயந்திரம் கையில் காசு.

வெளியிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டு, ‘ஐயோ பாவம், இவர்களைப் பெயிண்டிங்கிலிருந்து மீட்க வேண்டும்’ என்று கம்ப்யூட்டர் கோர்ஸ் ஆரம்பிக்கிறார்கள். நான் அதற்கு நேர் எதிர். முப்பத்தைந்து வயதில் இரண்டு பிள்ளைகளோடு இருப்பவருக்குப் பதினைந்து வருஷக் கைப்பழக்கம் இருக்கிறது, அதைத் தூக்கிப் போட்டுவிட்டு அவரைப் புதிதாக ஒன்றில் ஆரம்பிக்க வைப்பது அநியாயம். அந்தத் தொழிலிலேயே மேலே ஏற்றுங்கள். தினக்கூலிப் பெயிண்டருக்கும் சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுப்பவருக்கும் நடுவில் இருக்கும் தூரம் என்ன என்று உட்கார்ந்து யோசித்தால் பாடத்திட்டம் தானாக வந்துவிடும்: சதுர அடி கணக்குப் போடுவது, பொருளுக்கும் கூலிக்கும் சேர்த்துக் கொட்டேஷன் எழுதுவது, நான்கு ஆளை வைத்து வேலை முடிப்பது, டெக்ஸ்சர், ஸ்பிரே, வாட்டர் ப்ரூஃபிங், உயரத்தில் கயிறும் பெல்ட்டும் கட்டி வேலை செய்வது, அப்புறம் வீட்டுக்காரர் பணம் இழுத்தடிக்காமல் இருக்க வேலையை எத்தனை கட்டமாகப் பிரித்து அட்வான்ஸ் வாங்குவது. கடைசியில் சொன்னதை எந்த ஐடிஐயிலும் சொல்லித் தரமாட்டார்கள், அனுபவப்பட்ட காண்ட்ராக்டர் ஒருவரைக் கூட்டிவந்து அரை நாள் பேசவிடுங்கள்.

ஏற்கெனவே தெரிந்த தொழிலுக்குத் தேர்வு வைத்துச் சான்று கொடுக்கும் ஏற்பாடு மத்திய அரசுத் திறன் திட்டங்களில் இருக்கிறது. வகுப்பைவிட இந்தச் சான்றுக்குச் செலவு குறைவு. ஆனால் சேர்க்கைப் படிவத்தில் குடியுரிமை பற்றி என்ன கேட்கிறார்கள் என்று பயிற்சி மையத்தில் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்குங்கள், ஏனென்றால் பல மத்தியத் திட்டங்கள் இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று வைத்திருப்பார்கள், பாதி வகுப்பில் பெயரை நீக்குவதுபோல் கேவலம் வேறில்லை.

இளைஞர்கள் கதை வேறு. இங்கேயே பிறந்து, அரசுப் பள்ளியில் படித்து, டிகிரியும் முடித்திருப்பார்கள். அரசு வேலை கிடையாது, பாஸ்போர்ட் இல்லாததால் வளைகுடா வேலையும் கிடையாது. அவர்களுக்கு டாலி, ஜிஎஸ்டி கணக்கு, ஏசி மெக்கானிக், பிளம்பிங், வயரிங் என்று உள்ளூரில் தேவை இருப்பதாகப் பாருங்கள். வயரிங் என்றால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு என்று அரசுத் தேர்வு ஒன்று உண்டு, அதற்கு விண்ணப்பிக்க எந்த ஆவணம் வேண்டும் என்று பார்த்துவிட்டு வகுப்பை ஆரம்பியுங்கள்.

பெண்களுக்குத் தையலே வேண்டாமா என்றால், திருப்பூர், ஈரோடு பக்கத்து முகாம்களில் வேண்டும். ஆனால் வீட்டு மிதி மிஷின் இல்லை, ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் என்று கம்பெனியில் ஓடும் பவர் மிஷின். ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று கூலி போடும் பீஸ் ரேட் கணக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள், இல்லாவிட்டால் சூப்பர்வைசர் எழுதியதுதான் கணக்கு.

கூலி இழப்பு

சரி, பணக் கணக்குக்கு வருவோம். முகாம் குடும்பத்துக்கு அரசு மாதாமாதம் பணக்கொடை தருகிறது. 2021 அறிவிப்புப்படி குடும்பத் தலைவருக்கு 1,500, மற்ற பெரியவர்களுக்கு 1,000, பிள்ளைகளுக்கு 500. இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு மொத்தம் 3,500 ரூபாய். மிச்சமெல்லாம் கூலியில்தான் ஓடுகிறது. அந்தக் கூலியை ஒன்றரை மாதம் விட்டுவிட்டு வகுப்புக்கு வா என்றால் யார் வருவார்? சும்மா இருப்பவர்கள் வருவார்கள், முதல் வாரம் நாற்பது பேர், மூன்றாவது வாரம் பதினொரு பேர். அப்புறம் ‘முகாம்காரங்களுக்கு ஆர்வமே இல்லை’ என்று ரிப்போர்ட் எழுதிவிடுகிறார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

முப்பது பேர், 45 நாள் பகல் வகுப்பு என்று ஒரு மாதிரிக் கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஊருக்கு ஊர் ரேட் மாறும், இது உங்கள் பட்ஜெட்டைச் சரிபார்க்க ஓர் அளவுகோல் மட்டும்.

நாளுக்கு 400 ரூபாய் உதவித்தொகை, முப்பது பேருக்கு 5,40,000. பயிற்சியாளர், உதவியாளர் இரண்டு மாதச் சம்பளம் 1,20,000. பெயிண்ட், பட்டி, போர்டு என்று பயிற்சிப் பொருள் 1,50,000. தலைக்கு 8,000 ரூபாய்க்குக் கருவிகள் 2,40,000. தேர்வும் சான்றும் 60,000. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள், இரண்டு மாதம் 24,000. பயிற்சி முடிந்த பின் ஆறு மாதம் தொடர்ந்து பார்க்கும் ஆளுக்கு மாதம் 15,000 வீதம் 90,000. விபத்துக் காப்பீடு, டீ, வாடகை, ஜெராக்ஸ் எல்லாம் 76,000. மொத்தம் 13 லட்சம், தலைக்குச் சுமார் 43 ஆயிரம்.

இதில் நாற்பது சதவீதத்துக்கு மேல் உதவித்தொகைதான். போர்டு மீட்டிங்கில் யாராவது ‘சும்மா உட்கார்ந்திருக்கக் காசா’ என்று கேட்பார்கள். உங்கள் கம்பெனியில் டிரெயினிங்குக்கு அனுப்பினால் அந்த நாட்களுக்குச் சம்பளம் பிடிப்பீர்களா என்று திருப்பிக் கேளுங்கள். பணம் பற்றாக்குறை என்றால் ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள், உதவித்தொகையில் கை வைக்காதீர்கள். முப்பது பேரைப் பாதி வழியில் இழப்பதைவிடப் பதினெட்டுப் பேரை முழுசாக முடிக்க வைப்பது மேல்.

தொகையை வாரா வாரம் வருகைப் பதிவுப்படி வங்கிக் கணக்கில் போடுங்கள். கோர்ஸ் முடிந்ததும் மொத்தமாகத் தருகிறோம் என்பது வேலைக்கு ஆகாது, மளிகைக்கடைக்காரர் கோர்ஸ் முடியும்வரை காத்திருக்க மாட்டார். கருவிப் பெட்டியையும் கடைசி நாள் விழாவுக்கு வைத்திருக்காமல் இரண்டாவது வாரத்திலேயே கொடுத்துவிடுங்கள், சொந்தக் கருவியில் கை பழகட்டும்.

இன்னொன்று, செலவே இல்லாமல் கூலி இழப்பைக் குறைக்க ஒரு வழி இருக்கிறது: எப்போது நடத்துகிறோம் என்பது. தீபாவளிக்கு முன்னும் பொங்கலுக்கு முன்னும் பெயிண்டிங் வேலை குவியும், அப்போது வகுப்பு வைத்தால் காலி பெஞ்சுக்குத்தான் பாடம். தீபாவளி முடிந்து மழை பிடித்துக்கொள்ளும் ஐப்பசிக் கடைசி, கார்த்திகையில் வெளிச்சுவர் வேலை நின்றுபோகும். அந்த நேரத்தில் ஆரம்பித்து மார்கழி பாதிக்குள் முடியுங்கள். நிதியாண்டு முடிகிறது, மார்ச்சுக்குள் செலவழித்தாக வேண்டும் என்று பிப்ரவரியில் அவசரமாக ஆரம்பிக்கும் கம்பெனிப் பணம் பெரும்பாலும் வீணாகப் போவது இதனால்தான்.

பக்கத்து ஊரை விட்டுவிடாதீர்கள்

முகாமை ஒட்டி ஒரு காலனி, அதாவது தலித் மக்கள் குடியிருப்பு, இருக்கும், அங்கேயும் அதே கூலி வேலை, அதே மேஸ்திரி. முகாமில் வரிசையாகப் புது வீடு எழும்போது எதிரே ஓட்டு வீட்டில் இருப்பவர் என்ன நினைப்பார்? வெளியே சொல்லாவிட்டாலும் தண்ணீர்க் குழாயடியில் வெளிவரும். இந்த நிலையில் பயிற்சியும் முகாமுக்கு மட்டும் என்றால் நாமே பகையை வளர்த்துவிட்டு வருகிறோம்.

இதில் அரசியலும் இருக்கிறது, பச்சையாகச் சொல்கிறேன். முகாமில் அநேகமாக யாருக்கும் ஓட்டு இல்லை. ஓட்டு இல்லாத இடத்தில் ஒரு திட்டம் நின்றுபோனால் கேட்க ஆளில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பத்துப் பேர் அதே வகுப்பில் இருந்தால் ஊராட்சித் தலைவருக்கு அது தன் திட்டம் ஆகிவிடும். சமுதாயக் கூடத்துச் சாவி கிடைக்கும், கரண்ட் கிடைக்கும், தாலுகா ஆபீசில் ஒரு போன் பேச ஆள் கிடைக்கும்.

எத்தனை பேர் என்றால் மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்க்காரர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உகாண்டாவில் அகதிகளுக்கான உதவியில் 30 சதவீதம் உள்ளூர் மக்களுக்குப் போக வேண்டும் என்ற நடைமுறை இருக்கிறது, கிட்டத்தட்ட அதே கணக்கு. ஜோர்டான், லெபனான் போன்ற நாடுகளுக்கு உலக வங்கி கொடுக்கும் சலுகைக் கடனிலும் அகதியையும் உள்ளூர்க்காரரையும் சேர்த்துத்தான் பேசுகிறார்கள். அந்தப் பெரிய பணம் எதுவும் இந்த முகாம்களுக்கு வராது, 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, இங்கே அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் இல்லை. அந்த விகிதத்தை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

முகாமுக்கு ஒரு பேட்ச், ஊருக்கு ஒரு பேட்ச் என்று பிரிக்காதீர்கள், ஒரே வகுப்பு, ஒரே உதவித்தொகை. ஊர்க்காரர்களைத் தேர்ந்தெடுப்பதை ஊராட்சித் தலைவர் கையில் மட்டும் விட்டால் பங்காளிப் பிள்ளைகள் பெயர்தான் வரும். மகளிர் குழுக் கூட்டமைப்பில் கேளுங்கள், காலனியிலிருந்து குறைந்தது பாதிப் பேர் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வகுப்பு எங்கே? முகாமுக்குள் வேண்டாம் என்பேன். வெளியாட்கள் உள்ளே போய்வர அனுமதி வேண்டும், ஊர்ப்பெண்களும் உள்ளே வரத் தயங்குவார்கள். ஊரின் நடுத்தெருவும் வேண்டாம், காலனிப் பிள்ளைகளுக்கு அங்கே வேறு சங்கடம். இரண்டுக்கும் நடுவில் பள்ளிக்கூடமோ சமுதாயக் கூடமோ மெயின் ரோட்டோரம் காலி கடையோ பாருங்கள்.

சேர்ந்து படித்ததின் பலன் பிறகுதான் தெரியும். ஊர்ப் பையன் பெயரில் ஜிஎஸ்டியோ வங்கிக் கடனோ எளிதில் எடுக்கலாம், முகாம்காரரிடம் பதினைந்து வருஷக் கைத்திறன் இருக்கிறது, இருவரும் சேர்ந்து காண்ட்ராக்ட் எடுக்கலாம். ஆனால் பெயர் இவனுடையது, உழைப்பு அவனுடையது என்று ஆகிவிடாமல் பங்கை எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நகலைப் பயிற்சி நடத்தும் அமைப்பிடம் கொடுத்து வைக்கச் சொல்லுங்கள். நம்பிக்கை வேறு, தாள் வேறு.

பணத்தை எந்த வழியாக அனுப்புவது

வெளிநாட்டில் இருப்பவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது முழுசாகப் படியுங்கள். கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருந்தால், நீங்கள் பிறந்தது தஞ்சாவூராக இருந்தாலும், ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருந்தாலும், இங்கே ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நீங்கள் கொடுப்பது சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை. அதை வாங்க அந்த அமைப்புக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம், 2010-ன் கீழ் உள்துறை அமைச்சகப் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெளிநாட்டில் வேலை செய்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகாது. ஒரே சங்கத்தில் இரண்டு வகை ஆட்களும் இருப்பார்கள், எல்லோரிடமும் வசூல் செய்து சங்கத்தின் கணக்கிலிருந்து அனுப்பினால் மொத்தமும் வெளிநாட்டுப் பணம்தான்.

2020 செப்டம்பரில் வந்த திருத்தம் மூன்று விஷயங்களை மாற்றியது. அந்தப் பணம் முதலில் டெல்லி நாடாளுமன்றத் தெருவில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது, முன்பு இது 50. மூன்றாவதுதான் முக்கியம்: வெளிநாட்டுப் பணத்தை வாங்கிய அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்குக் கைமாற்றிக் கொடுக்கக் கூடாது. ‘சென்னையில் பெரிய டிரஸ்ட் ஒன்று இருக்கிறது, அவர்கள் வாங்கி முகாம் பக்கத்துச் சின்ன அமைப்புக்குக் கொடுப்பார்கள்’ என்று யாராவது சொன்னால் உடனே வேண்டாம் என்று சொல்லுங்கள். களத்தில் யார் செலவழிக்கப் போகிறார்களோ அவர்களிடமே பதிவு இருக்க வேண்டும். பதிவுக்கு ஐந்து வருஷ ஆயுள், அது எப்போது முடிகிறது என்றும் பாருங்கள், வகுப்பு நடக்கும்போது புதுப்பித்தல் நிலுவையில் மாட்டிக்கொண்டால் உதவித்தொகை நின்றுவிடும்.

உள்நாட்டுக் கம்பெனிப் பணத்துக்கு இந்தத் தலைவலி இல்லை. கம்பெனிகள் சட்டம், 2013-ன் 135-வது பிரிவுப்படி நிகர லாபம் 5 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர மதிப்பு 500 கோடி இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, மூன்று வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவழிக்க வேண்டும். ஏழாம் அட்டவணையில் வேலைவாய்ப்பைக் கூட்டும் தொழில் திறன் பயிற்சி தெளிவாகவே இருக்கிறது. தொழிற்சாலை இருக்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சொல்லும் விதியும் உண்டு, உள்ளூர்க்காரர்களையும் சேர்த்த பட்டியலோடு போனால் கம்பெனிக் கமிட்டிக்கு ஒத்துக்கொள்வது சுலபம். நீங்கள் பணம் தரும் அமைப்புக்கு வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி, கம்பெனிகளின் சமூகப் பொறுப்புப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 என்ற பதிவு மூன்றும் இருக்கிறதா என்று நகல் வாங்கிப் பாருங்கள்.

யாரிடம் கொடுப்பது? ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் 1984-லிருந்து முகாம்களுக்குள்ளேயே வேலை செய்கிறது, இயேசு சபையினரின் அகதிகள் பணியும் பல வருஷமாக இருக்கிறது. இவர்களிடம் நேரடியாகப் பணம் கொடுக்காவிட்டாலும் எந்த முகாமில் என்ன பயிற்சி ஏற்கெனவே நடந்தது என்று கேளுங்கள். பாதி முட்டாள்தனம் அந்த ஒரு பேச்சிலேயே தவிர்க்கப்படும்.

அனுமதியும் தாள்களும்

முகாம் விஷயம் மறுவாழ்வுத் துறையின் கீழ் வருகிறது. சென்னையில் ஆணையரகம், மாவட்டத்தில் கலெக்டர், கீழே தனி வட்டாட்சியர், முகாமில் வருவாய் ஆய்வாளர். உளவு வேலை பார்க்கும் கியூ பிரிவு போலீசும் கவனித்துக்கொண்டிருக்கும். யாருக்கும் தெரியாமல் நல்லது செய்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், பிறகு பதில் சொல்ல வேண்டியவர் முகாம் தலைவர். கடிதத்தில் பயிற்சி என்ன, எங்கே, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, யார் பணம் என்று நான்கே வரியில் எழுதிக் கொடுங்கள்.

முகாமில் செக்கிங் நாள் என்று ஒன்று இருக்கிறது, அன்று ஆள் நேரில் இருந்தாக வேண்டும், பணக்கொடை அதைப் பொறுத்தது. அந்த நாளில் வகுப்பு வைக்காதீர்கள். கோயம்புத்தூரில் தங்கிப் படிக்கும் கோர்ஸ் என்றால் வெளியே தங்க அனுமதி முன்கூட்டியே வாங்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்ததாகக் கையெழுத்துப் போட்டால் பணக்கொடை நின்றுவிடுமோ என்று நிறையப் பேர் பயப்படுவார்கள், முதல் கூட்டத்துக்கே வருவாய் ஆய்வாளரை அழைத்து அதை எல்லோர் முன்னும் கேட்டுவிடுங்கள்.

பெயர் எழுத்து இன்னொரு தொல்லை. முகாம் அட்டையில் ஒரு ஸ்பெல்லிங், ஆதாரில் வேறு, பள்ளிச் சான்றில் இனிஷியல் மட்டும். சான்றிதழ் எந்தப் பெயரில் அடிக்கப்படுகிறதோ அது ஆதாரோடும் வங்கிக் கணக்கோடும் ஒத்துப்போக வேண்டும், முதல் வாரத்தில் ஒரு நாளை இதற்கே ஒதுக்குங்கள். நாளைக்கு ஊர் திரும்ப நினைப்பவர்களுக்கு இது இரட்டிப்பு முக்கியம், யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ போய்த் தொழில் தகைமைச் சான்றுக்கு விண்ணப்பித்தால் இங்கே படித்த மணிநேரமும் பாடமும் எழுதிய தாள் கையில் இருப்பது நல்லது.

கம்பெனி எச்ஆர் எல்லோரும் கேட்கும் கேள்வி: ‘இவங்கள வேலைக்கு வெச்சா பிரச்சினை வருமா?’ 2025 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டத்தின் கீழ் வந்த விலக்கு ஆணையைக் காட்டுங்கள். 2015 ஜனவரி 9 வரை இங்கே வந்து தஞ்சமடைந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களைப் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனைப் பிரிவுகளிலிருந்து அதில் விலக்கியிருக்கிறார்கள். அது குடியுரிமையும் இல்லை, நிரந்தர அனுமதியும் இல்லை, அதை மிகைப்படுத்திச் சொல்லாதீர்கள். முகாம் அடையாள அட்டை, ஆதார், வங்கிப் புத்தக நகலோடு ஒரு பக்கத்தில் இதை எழுதி, பயிற்சி முடித்த ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தனுப்புங்கள். நேர்முகத் தேர்வில் அவரே நின்று சட்டம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

முடிந்த பின்

கணக்கில் 90 ஆயிரம் ரூபாய் தொடர்பு ஆளுக்கு ஒதுக்கினோமே, முதலில் வெட்டச் சொல்வது அதைத்தான். வெட்டாதீர்கள். அந்த ஆள் முகாமைச் சேர்ந்தவராக இருந்தால் இன்னும் நல்லது, படித்த பெண் ஒருவர் நிச்சயம் இருப்பார். அவர் வேலை மாதத்துக்கு ஒரு முறை முப்பது பேரிடமும் மூன்று கேள்வி கேட்பது: இந்த மாதம் எத்தனை நாள் வேலை, நாளுக்கு எவ்வளவு, யாராவது கூலி பாக்கி வைத்திருக்கிறார்களா. மூன்றாவதற்கு ஆமாம் என்று பதில் வந்தால் அந்த மேஸ்திரிக்கு அமைப்பின் பெயரில் ஒரு போன் போக வேண்டும். முகாம்காரன் எங்கே போய்ப் புகார் கொடுப்பான் என்ற தைரியத்தில்தான் கூலியை நிறுத்துகிறார்கள். ஊர்க்காரப் பையன்களும் அதே வகுப்பில் படித்திருந்தால் அந்தத் தைரியம் பாதி குறைந்துவிடும்.

விபத்துக் காப்பீட்டை வருஷா வருஷம் புதுப்பிக்கப் பணம் ஒதுக்குங்கள். சாரத்திலிருந்து விழுந்தால் அந்தக் குடும்பத்துக்கு வேறு பிடிப்பு இல்லை, தலைக்கு ஆகும் தொகையும் சொற்பம்.

ரிப்போர்ட்டில் எத்தனை பேர் சான்றிதழ் வாங்கினார்கள் என்று கேட்காதீர்கள், அது முப்பதுக்கு முப்பது என்றுதான் வரும். ஆறாவது மாதத்தில் ஒரு நாள் கூலி எவ்வளவு, பயிற்சிக்கு முன்னால் எவ்வளவு, முகாம்காரருக்கும் ஊர்க்காரருக்கும் தனித்தனியாக என்று கேளுங்கள். இரண்டுக்கும் நடுவில் பெரிய வித்தியாசம் இருந்தால் அடுத்த பேட்சில் எதை மாற்ற வேண்டும் என்பது அதிலேயே இருக்கும்.

போட்டோ: முகம் தெரிகிற படத்தைச் சங்கத்தின் பக்கத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் கேளுங்கள், வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள். இலங்கையில் சொந்தங்கள் இருக்கும், இங்கே வழக்கு இருக்கும், முகாமில் இருப்பது மேஸ்திரிக்கே தெரியாமல் இருக்கும். பிரஷ் பிடித்த கையும் பூசிய சுவரும் இருந்தால் உங்கள் ஆண்டு மலருக்கு அது போதும்.